மனிதகுலமாக நடித்தவர்

அந்த வருஷம் நோவி ரித் என்ற ஊருக்குக் குளிர்காலம் வரவே இல்லை. முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் உறைந்து ஏடு கட்டும் காலையில்தான் அந்த ஊரில் பன்றி அறுப்பார்கள். நவம்பர் போனது, டிசம்பரும் பாதி போனது, ஏடு கட்டுகிற வழியாக இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸை விட்டால் ஆகாது என்று எல்லோரும் அறுத்துவிட்டார்கள். இறைச்சியை அரைத்து, மிளகாய்த்தூள் பிசைந்து, குடலில் அடைத்து, சாசேஜ்களைப் புகையறையில் தொங்கவிட்டபோது ஆண்கள் அரைக்கைச் சட்டையோடு நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி முடிவதற்குள், ஊரிலேயே பேர்போன ஷார்கோவின் சாசேஜ்களில் பச்சைப் பூசணம் பூத்தது. ஷார்கோ அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தீசா நதியின் கரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். அக்கம்பக்கத்தார் வண்டிக்குப் பின்னால் பேசாமல் நடந்து போனார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினாராம்.

இது யார் செய்த வேலை என்ற பேச்சு அன்று மாலையே மதுக்கடையில் தொடங்கிவிட்டது. ஒருவர் சீனாக்காரன் என்றார். ஒருவர் அமெரிக்காக்காரன் என்றார். ஜெர்மனியில் மகனை வைத்திருப்பவர் ஜெர்மனிக்காரனை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் சொன்னார். மேலே போகிற விமானங்கள்தான் என்று ஒரு கட்சி, பெல்கிரேடில் இருக்கிற மந்திரிகள்தான் என்று இன்னொரு கட்சி. பேசிப் பேசித் தொண்டை வறண்டு, வறண்டதற்கு பிளம் சாராயம் குடித்து, ஒரு முடிவுக்கும் வராமல் எல்லோரும் அவரவர் காரில் ஏறி, அடுத்த தெருவிலிருந்த அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற தியோதோராவுக்கு இதையெல்லாம் கேட்க வயிறு எரிந்தது. ஊரின் நாடகக் குழுவை நடத்துவதும் அவள்தான். விரல் எப்போதும் தூரத்தைத்தான் காட்டுகிறது, பக்கத்தில் திரும்ப மாட்டேன் என்கிறது என்று சொல்லி, ஒரே வாரத்தில் ஒரு நாடகம் எழுதிவிட்டாள். பருவநிலையைக் கெடுத்ததற்காக மனிதகுலத்தின் மேல் வழக்கு நடக்கிறது; சபையில் இருப்பவர்களே கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நடக்கும் சாசேஜ் திருவிழாவுக்கு முந்தின மாலை கலாசார மண்டபத்தில் போடுவதாக ஏற்பாடு. நீதிபதியாக அவளே உட்காரப் போகிறாள். அரசு வக்கீல் வேஷத்தை, அதுவரை மேடைப்பக்கமே வராத ஷார்கோ வீடு தேடி வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. குழுவில் ஒருவருக்கு முதுகு வலித்தது, ஒருவருக்குப் பேத்தியின் பிறந்தநாள் வந்தது.

அப்போதுதான் மிலிவோய் வாயைத் திறந்தார்.

மிலிவோய்க்குச் சொந்தமாக ஒரு டீசல் மினி பஸ் உண்டு. ஊர்க்காரர்களை பெல்கிரேடு விமான நிலையத்துக்கும் நோவி சாத் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். நல்ல தொப்பை, நல்ல மீசை, அதைவிட நல்ல குரல். ஆனால் நாடகக் குழுவில் சேர்ந்து தலை நரைத்துவிட்ட பிறகும் அந்தக் குரலுக்கு வேலை வரவில்லை. வாசற்காவலனாக நின்றிருக்கிறார். இரண்டாவது சிப்பாயாக ஓடியிருக்கிறார். ஒரு நாடகத்தில் பிணமாக முழு அங்கமும் சவப்பெட்டியில் படுத்திருந்தார். அதில் தும்மாமல் இருந்ததற்காக எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது அவர் தியோதோராவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குற்றவாளிக்கு எவ்வளவு வசனம்? அவள் தாள்களைப் புரட்டிக் காட்டினாள். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை அவன் மேடையைவிட்டு இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, மனைவி தெசாங்கா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“உலகத்தையே கெடுத்தவன்னு உன்னைக் கூண்டுல ஏத்தப் போறாங்க. அதுக்கு ஏன் மனுஷா இப்படி இளிக்கிற?”

“கடைசி வரைக்கும் மேடையில நான்தான் இருக்கேன், தெசா. வேற யாரும் இல்ல.”

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தெசாங்காவையும் சாட்சி சொல்ல வரும்படி தியோதோரா பிடித்துப் போட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தே தெருமுனைவரை கேட்கிற குரல் அவளுடையது, ஒலிபெருக்கிச் செலவு மிச்சம்.

நாடகத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மிலிவோய் தன் அண்ணன் மகனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மீசையை முறுக்கி, மனிதகுலமாகக் கூண்டில் ஏறினார். முதல் பத்து நிமிஷம் எல்லாம் எழுதினபடி போனது. பிறகு ஷார்கோ எழுந்தார். கையில் தாள் இருந்தது. அதைப் படிக்கவும் தொடங்கினார். கரி, புகை, காடு என்று ஒரு பக்கம் படித்தவர் இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தன் சாசேஜ்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தப் பன்றி, அதற்கு என்ன பேர், எவ்வளவு சோளம் தின்றது, எப்படிப் பூசணம் பிடித்தது. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். “இத்தனைக்கும் காரணம் அதோ நிக்கிறான்” என்று அவர் மிலிவோயைக் காட்டியபோது சபை மொத்தமும் பெருமூச்சு விட்டது.

அடுத்து வந்த தெசாங்காவுக்கும் தாள் தேவைப்படவில்லை. குற்றவாளியை உங்களுக்குத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். தெரியாமல் என்ன, முப்பது வருஷமாகத் தெரியும் என்றாள். அடுப்பை முழுசாக எரியவிட்டுவிட்டு, சூடு தாங்கவில்லை என்று ஜன்னலைத் திறந்து வைக்கிற ஆள் இது என்றாள். காபி குடிக்க உட்காருவதற்கு முன்னால் பஸ் எஞ்சினை அணைக்க மாட்டார், குடித்து முடித்து, அரசியல் பேசி முடித்து, கழிப்பறைக்கும் போய்வந்து ஏறும்வரை அது உறுமிக்கொண்டே நிற்கும் என்றாள். தேய்ந்த டயர்களைத் தோட்டத்துக் கோடியில் வைத்து எரித்ததையும், அதன் கரி தன் வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் படிந்ததையும் சொன்னபோது அவள் குரல் உண்மையிலேயே நடுங்கியது. சபை கைதட்டியது. கூண்டில் நின்ற மிலிவோய்க்குத் தன் வசனம் மறந்தே போனது. நடிக்க நினைத்த வெட்கம் நடிக்காமலே முகத்தில் ஏறிவிட்டது. பார்த்தவர்களெல்லாம் அதைப் பெரிய நடிப்பு என்றார்கள்.

நீதிபதி தியோதோரா, குற்றவாளி என்று நினைப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றாள். அவள் எழுதி வைத்திருந்தபடி, பாதிப் பேராவது தயங்க வேண்டும். நாம் எல்லோரும்தானே மனிதகுலம் என்று யாருக்காவது உறைக்க வேண்டும். அதற்காகவே ஒரு நீண்ட மௌனத்தை நாடகத்தில் வைத்திருந்தாள். மௌனத்துக்கு இடமே கிடைக்கவில்லை. அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

மறுநாள் திருவிழாவில் வெயில் கொளுத்தியது. கடுகு விழுதும் ரொட்டியுமாக நின்றவர்களெல்லாம் மிலிவோயைக் கண்டதும் சட்டைக் காலரைத் தளர்த்திக் காட்டினார்கள். சூட்டைக் கொஞ்சம் குறைக்கக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். மிலிவோய் கோட்டை விரித்து வணங்கினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஊர் அவரை நடிகன் என்று பார்த்தது. தெருவில் போகிற பிள்ளைகள்கூட “மனிதகுலம் போகுது பார்” என்று காட்டின. அந்த வாரம் அவர் பால் வாங்கக்கூட மீசையை முறுக்கிக்கொண்டுதான் போனார்.

மார்ச்சில் அது கொஞ்சம் கசக்க ஆரம்பித்தது. ஆப்ரிகாட் மரங்கள் நாள் தெரியாமல் பூத்து, பிறகு ஒரே ஒரு குளிரில் கருகின. தோட்டக்காரர்கள் மிலிவோயின் வாசல் வழியாகப் போகும்போது கருகிய பூங்கொத்தைக் கதவில் செருகிவிட்டுப் போனார்கள். ஆற்றோரத்தில் கொசு முன்னதாகவே கிளம்பியதற்கும் அவர்தான் பொறுப்பு. எல்லாம் சிரித்துக்கொண்டுதான். ஆனால் அவர் கவனித்தார்: ஊரில் யாருடைய நெற்றியிலும் இப்போது சுருக்கம் இல்லை. சாசேஜ் புதைத்த நாளில் கொஞ்சம் பயந்து போயிருந்தவர்கள், தீர்ப்பு வந்த பிறகு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சலூன் வைத்திருக்கும் பெர்சாவின் கதை அப்படித்தான். அவள் ஏசியைப் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் வருவது தெரியவேண்டும் என்று கதவை அகலத் திறந்து வைப்பவள். தியோதோரா தலைமுடி வெட்டப் போனபோது, கதவைச் சாத்தினால் நன்றாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னாள். பெர்சா கத்தரிக்கோலை நிறுத்திக் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

“என்ன டீச்சர், கேஸ் முடிஞ்சு போச்சே. நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க? போய் மிலிவோய் அண்ணன்கிட்ட கேளுங்க.”

தியோதோரா ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக வீட்டுக்குப் போனாள் என்று சொல்வார்கள். அவ்வளவு இல்லை. ஆனால் அவள் மனசு அப்படித்தான் இருந்தது.

மிலிவோய்க்கு நேர்ந்ததோ வேறு. ஊர் அவர் தோளில் போட்டதை அவர் முதலில் வேடிக்கையாகச் சுமந்தார், அப்புறம் அது தோளிலேயே ஒட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் காபி குடிக்கப் போனால் எல்லோரும் அவர் பஸ்ஸையே பார்த்தார்கள், அதனால் எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகு அந்த அமைதி அவருக்குப் பிடித்துப் போனது. பிறகு வீட்டு ஜன்னலைச் சாத்தினார். பிறகு அடுப்பைக் குறைத்தார். பிறகு, அடுப்பு எதற்கு என்று யோசிக்கத் தொடங்கினார். மார்ச் குளிர் அந்த வருஷம் லேசானதுதான், ஆனால் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் அதுவும் குளிர்தான். தெசாங்கா இரண்டு ஸ்வெட்டரும் தபால் அலுவலகத் தொப்பியுமாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தாள். ஒருநாள் அதையும் அவர் அணைத்தார்.

பக்கத்து ஊர்ச் சந்தைக்கு பஸ் கேட்டு வந்த ஒரு தம்பதியை, ஆற்றங்கரைப் பாதையில் நடந்து போங்கள், உடம்புக்கும் நல்லது என்று திருப்பி அனுப்பினார். ராத்திரி உணவுக்கு இறைச்சி வேண்டாம் என்றார். இரண்டு வாரம் பீன்ஸ் சூப் சாப்பிட்ட பிறகு தெசாங்கா கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“மேடையில உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொன்னேன். தப்புதான். ஆனா சாட்சி சொன்னவளையும் சேர்த்து ஜெயில்ல போடுற சட்டம் எந்த ஊர்ல இருக்கு?”

தனக்குள் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். தான் ஒழுங்காக இருந்தால் வானமும் ஒழுங்காக இருக்கும் என்பதுதான் அது. யாரிடமும் சொல்ல வெட்கமான கணக்கு. ஆனால் ஒருவனை இத்தனை பேர் சேர்ந்து உலகத்தையே கெடுத்தவன் என்று சொன்னால், அந்த உலகத்தைத் தன்னால் சரிசெய்யவும் முடியும் என்று அவன் நம்பிவிடுகிறான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காலையில் ஜன்னல் வழியாக வெப்பமானியைப் பார்க்கும்போது, வீட்டுப்பாடத்துக்கு மார்க் எதிர்பார்க்கிற பையனைப்போல் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. சாதாரண மழையில்லை, வாதுமைக் கொட்டை அளவு கட்டிகள். கால் மணி நேரத்தில் தோட்டங்களைத் துவைத்துப் போட்டுவிட்டது. மழை விட்டதும் ஷார்கோ நேராக மிலிவோயின் வாசலுக்கு வந்தார். அவர் கார்க் கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தது. ஒரு ஆலங்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

“இதையும் பாரு. இதுக்கு என்ன சொல்ற?”

சிரிப்பதற்காகத்தான் கேட்டார். ஆனால் கண்ணாடி நொறுங்கியிருந்ததால் சிரிப்பு சரியாக வரவில்லை. மிலிவோய் அவர் கையிலிருந்த கட்டியைப் பார்த்தார். இத்தனை நாள் குளிரில் உட்கார்ந்ததும், பீன்ஸ் தின்றதும், ஆளைத் திருப்பி அனுப்பியதும் எல்லாம் அந்தக் கட்டியோடு சேர்ந்து உருகிச் சொட்டுவதுபோல் இருந்தது. வாசலை விட்டு முற்றத்துக்குப் போனார். பஸ்ஸில் ஏறி எஞ்சினை முடுக்கினார். இறங்கி, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் முழுவதும் பஸ் எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே உறுமியது. வீட்டில் இருந்த அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன, அடுப்பு கணகணவென்று எரிந்தது. தெசாங்கா வேலையிலிருந்து வந்து, கணவனையும் பஸ்ஸையும் பார்த்து, முதலில் சந்தோஷப்பட்டாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருகி எஞ்சினை அவளே அணைத்தாள்.

“நல்லவனா இருந்தாலும் அளவே இல்ல, கெட்டவனா இருந்தாலும் அளவே இல்ல. உனக்கு நடுவுல ஒண்ணுமே கிடையாதா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவர் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். தியோதோரா வகுப்பை முடித்துவிட்டு உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பீல் வேண்டும் என்றார் மிலிவோய். நாடகம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டதே அண்ணே என்றாள் அவள்.

“உங்களுக்கு முடிஞ்சுது டீச்சர். நான் இன்னும் கூண்டுலதான் நிக்கிறேன்.”

அவள் உருண்டையைக் கீழே வைத்தாள். மனிதகுலத்தை ஒரே ஆளாக எழுதியது தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டாள். குழுவில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், கூண்டும் ஒருவர் நிற்கிற அளவுக்குத்தான் இருந்தது, வேறு வழி தோன்றவில்லை என்றாள். ஆனால் இப்போது ஊரே ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறது, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றாள். ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மண்டபம் காலியாகத்தான் இருக்கும் என்று சேர்த்துச் சொன்னாள். இந்த முறை வசனம் எழுதித் தரமாட்டேன், உங்களுக்குத் தோன்றுவதைப் பேசுங்கள் என்றாள். வசனம் இல்லாத பெரிய வேஷத்துக்கு மிலிவோய் ஆசைப்படவே இல்லை.

அப்பீல் என்ற வார்த்தை ஊருக்குப் பிடித்துப்போனது. முதல் நாடகத்துக்கு வராதவர்களும் வந்தார்கள். முதல் வரிசையில் துணை மேயர் ஸ்லாவோமிர் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். உள்ளேயோ அதைவிட மோசம், நாற்காலியின் இரும்புக் கைப்பிடிகள்கூடச் சுட்டன. பெண்கள் கிடைத்த காகிதத்தையெல்லாம் விசிறியாக்கினார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்தும் பயனில்லை.

மிலிவோய் இந்த முறை கல்யாணக் கோட்டைப் போடவில்லை. பஸ் ஓட்டும்போது போடுகிற சட்டையோடு வந்து நின்றார். ஷார்கோ எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிலிவோய் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

“எஞ்சின் என்னுது. அதை ஒத்துக்கிறேன். அடுப்பு என்னுது, ஜன்னல் என்னுது. டயரை எரிச்சதும் நான்தான், தெசாவோட விரிப்பு கெட்டதும் என்னாலதான். ரெண்டு மாசமா மீதி எல்லாத்தையும் சேர்த்துச் சுமந்து பார்த்தேன். நல்லவனாவும் சுமந்து பார்த்தேன், வெறுத்துப்போய்த் தூக்கி எறிஞ்சும் பார்த்தேன். என்னால முடியல. என்னுதை நான் எடுத்துக்கிறேன். மீதியை இங்கயே மேடையில வச்சுட்டேன். யாருதோ அவங்க வந்து எடுத்துக்கட்டும்.”

அவ்வளவுதான் பேசினார். பேசிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்கி, மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். தியோதோரா பிப்ரவரியில் எதிர்பார்த்த மௌனம் அப்போதுதான் வந்தது. வந்தது போகவும் இல்லை. நாற்காலிகள் முனகின. எல்லோரும் முன்னால் இருப்பவரின் பின்மண்டையைப் பார்த்தார்கள். மிலிவோய் எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தார்.

“கதவு என்னுது” என்று ஒரு குரல் கேட்டது. பெர்சா எழுந்து நின்றாள். “சலூன் கதவு. சாத்தி வச்சா ஆள் வராதுன்னு ஒரு பயம், வேற ஒண்ணுமில்ல. ஒரு மணி கட்டிக்கிறேன்.”

அவள் உட்கார்ந்ததும், பின்வரிசையில் ஒருவர் வைக்கோலை வயலிலேயே எரித்ததைச் சொன்னார். இன்னொருவர் அடுத்த தெரு மதுக்கடைக்குக் காரில் போவதைச் சொன்னார். அவர் மனைவி, அங்கே போவதே தப்பு, கார் அதில் பாதிதான் என்றாள். ஷார்கோ வெகுநேரம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகையறைக்கு ஆல்டர் விறகு கிடைக்காத வருஷங்களில் தார் ஊறின பழைய ரயில் கட்டைகளைப் போட்டிருக்கிறேன் என்று கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் சாசேஜ் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒருகணம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். என் டிராக்டர் புகைவிட்டால் ஆற்றின் அந்தக் கரை தெரியாது என்று ஒருவர் சொல்ல, உன் டிராக்டரெல்லாம் ஒரு டிராக்டரா, என்னுடையதைப் பார்த்திருக்கிறாயா என்று இன்னொருவர் எழுந்தார். என்னைவிட நீ பெரிய குற்றவாளியா என்று இருவரும் சட்டையைப் பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். தியோதோரா மேசையைத் தட்டித் தட்டிச் சுத்தியல் கைப்பிடியே கழன்றுவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஆப்ரிகாட் தோட்டம் கருகிப்போன ஒரு இளைஞன் எழுந்தான். அவன் சிரிக்கவில்லை.

“நாமெல்லாம் சொல்லிட்டோம், சரி. இந்த மண்டபத்துக்கே வராத பெரிய ஆளுங்க இருக்காங்களே, அவங்க பங்கை யார் வந்து எடுப்பா? கதவைச் சாத்துறதால என் மரம் பிழைச்சுடுமா?”

சண்டைக்கு நின்ற டிராக்டர்க்காரர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். தியோதோரா கழன்ற கைப்பிடியைக் கீழே வைத்தாள். மிலிவோய் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, தனக்குப் பக்கத்தில் சுவரோரமாக இருந்த வெப்பக் குழாயைத் தற்செயலாகத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழாய் தகித்தது.

“டீச்சர், இன்னிக்கு இங்க ஹீட்டிங் ஓடுதா என்ன?”

ஓடியது. கீழே நிலவறையில் நகராட்சியின் நிலக்கரி பாய்லர் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. வெளியே அரைக்கைச் சட்டை வெயில். எல்லாத் தலைகளும் மெதுவாக முதல் வரிசைக்குத் திரும்பின. துணை மேயர் ஸ்லாவோமிர் விசிறுவதை நிறுத்தினார். மே மாதம் முதல் வாரம்வரை எரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். யாருடைய விதி என்று மிலிவோய் கேட்டார், குரலை உயர்த்தாமல். நகராட்சியின் விதி என்றார் அவர். நகராட்சியில் யார் என்று பெர்சா கேட்டாள். ஸ்லாவோமிர் டையைத் தளர்த்தினார். அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். மீந்துபோன கரியைக் கோடைக்குள் தீர்க்காவிட்டால் அடுத்த வருஷம் குறைத்துக் கொடுப்பார்கள், அதனால் எரித்துத் தீர்க்கிறோம், பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் என்று அவர் தன்னையறியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏன் ஜன்னல் பக்கமே இடம் கேட்கிறார்கள் என்பது தியோதோராவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“அப்ப இது யாருது?” என்று மிலிவோய் கேட்டார்.

சபை அவரைப் பார்த்தது, ஆனால் பிப்ரவரியில் பார்த்த மாதிரி இல்லை. யாரும் கையைத் தூக்கவில்லை. சும்மா காத்திருந்தார்கள். தங்கள் பங்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை அது, அதைத் தாங்குவது கஷ்டம். ஸ்லாவோமிர் எழுந்தார். என்னுடையதுதான் என்று முணுமுணுத்தார். கேட்கவில்லை என்று தெசாங்கா பின்னாலிருந்து சொன்னாள், தபால் அலுவலகக் குரலில். அவர் இன்னொரு முறை உரக்கச் சொல்லிவிட்டு, அதே கோட்டும் டையுமாக நிலவறைப் படியில் இறங்கினார். ஷார்கோவும் டிராக்டர்க்காரர்கள் இருவரும் வழி காட்டுவதற்காகக் கூடவே போனார்கள். கீழே ஏதோ இரும்பு விழுகிற சத்தமும், கெட்ட வார்த்தை ஒன்றும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழாய்கள் டக் டக் என்று ஆறத் தொடங்கின. மேலே வந்த துணை மேயரின் வெள்ளைச் சட்டையில் கரி அப்பியிருந்தது. அவருக்குத்தான் அன்றைக்கு முதல் கைதட்டல் கிடைத்தது. மிலிவோய்க்கு அதில் சின்னப் பொறாமை வந்ததை மறைக்க முடியாது.

அதோடு உலகம் சரியாகிவிடவில்லை. அந்தக் கோடை முந்தினதைவிடக் கொடுமையாக இருந்தது. ஆப்ரிகாட் தோட்டத்து இளைஞன் பாதி மரங்களை வெட்டி அத்தி வைத்தான். ஷார்கோ இறைச்சிக்கு ஒரு குளிரூட்டி அறை கட்டிக்கொண்டார், அது குடிக்கிற மின்சாரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பேச்சை மாற்றினார். பெர்சா கதவில் மணி கட்டினாள். தினமும் யாராவது சும்மா போகிறவர்கள் அடித்துவிட்டு ஓடினார்கள். மிலிவோய் வீட்டில் குளிரடித்தால் அடுப்பு எரிந்தது, அப்போது ஜன்னல் சாத்தியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சி வந்தது. காபி குடிக்கும்போது பஸ் எஞ்சின் பேசாமல் கிடந்தது. அவரை யாரும் மனிதகுலம் என்று கூப்பிடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாய்லர் விஷயம் மட்டும் வளர்ந்துவிட்டது. எப்போது ஏற்றுவது, எப்போது அணைப்பது என்று தீர்மானிக்க ஊர்க்காரர்களே ஒரு குழு வைக்க வேண்டும், விதியை மாற்ற வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் நெருக்கினார்கள். மிச்சக் கரிக்காக எரிப்பது நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தும் இதைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். பாய்லர் குழுவுக்கு மிலிவோய்தான் தலைவர். ஸ்லாவோமிரும் அதில் உண்டு. அவரில்லாமல் நிலவறைச் சாவி கிடைக்காது.

அக்டோபர் நடுவில் முதல் கூட்டம் மண்டபத்துப் பின்னறையில் நடந்தது. ஒருநாளும் இல்லாத அதிசயமாக அன்று காற்று ஊசியாகக் குத்தியது. எல்லோரும் கோட்டோடும் மப்ளரோடும் உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் குளிரா என்றார் ஷார்கோ, பல் அடித்துக்கொண்டே. பாய்லரை ஏற்ற இன்னும் மூன்று நாள் பார்ப்போம் என்றார் ஸ்லாவோமிர். பெர்சா, என் விரல் விறைத்துவிட்டது, நாளைக்கு ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முடி திருத்த வேண்டும், காதை வெட்டிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். வாக்கெடுப்பு வேண்டும் என்றார் ஒருவர், வேண்டாம் என்றார் மிலிவோய். அவருக்குக் கையைத் தூக்குகிறவர்களைப் பார்த்தாலே இப்போதும் கொஞ்சம் உதறும்.

இந்தச் சண்டைக்கு நடுவே தெசாங்கா ஒரு பெரிய பாத்திரத்தில் ஆவி பறக்கும் மீன் சூப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார்கள். ஸ்லாவோமிர் மட்டும் கரண்டியோடு நின்று, இது எந்த அடுப்பில் வைத்தது, விறகா கேஸா என்று கேட்டார். தெசாங்கா இடுப்பில் கைவைத்தாள்.

“குடிக்கிறியா, இல்ல குறுக்கு விசாரணை பண்றியா?”

அவர் குடித்தார்.